பத்துமலைப் படியில் கற்ற பாடம்

சென்ற ஆண்டு கேமரா வாங்கிய கையோடு அம்மாவைப் பத்துமலைக்கு அழைத்துப் போனேன். முழங்கால் வலியோடு 272 படிகளையும் ஏறி வந்தார். குகை வாசலில், வெளியே தெரியும் வானம் பின்னணியில் இருக்கும்படி நிறுத்தி நாலைந்து படம் எடுத்தேன். வீட்டில் கணினியில் போட்டுப் பார்த்தால், வானம் பளிச்சென்று இருக்கிறது. அம்மா இருக்கும் இடத்தில் கரிய நிழல்தான்.

"என் முகம் எங்கேய்யா?" என்று கேட்டார். அதன்பின் மருத்துவர் அவரைப் படியேறக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

தவறு கேமராவுடையது அல்ல. தானியங்கி முறையில் அது படம் முழுவதற்கும் சேர்த்து வெளிச்சக் கணக்குப் போடும். பின்னால் வானம் பிரகாசமாக இருந்தால், வெளிச்சம் அதிகம் என்றெண்ணி எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு, பயிற்சிக்காகத் தனியாகப் போனேன். கேஎல் சென்ட்ரலில் ஏறினால் கொமுட்டர் ரயில் கோயிலருகிலேயே இறக்கிவிடும். காலை எட்டு மணிவாக்கில் கூட்டம் குறைவு, வெயிலும் சாய்வாக விழும். உச்சி வெயிலில் எடுத்தால் கண்களைச் சுற்றிக் கறுப்பு விழுந்துவிடும்.

அதே குகை வாசலில் இளைப்பாறிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், "ஐயா, வெளிப்பக்கம் பார்த்து நிக்கிறீங்களா?" என்று கேட்டேன். இம்முறை வெளிச்சத்துக்கு முதுகு காட்டி நின்றவன் நான். அவர் முகத்தின் சுருக்கங்கள்கூட அழகாக விழுந்தன.

வானம் பின்னணியில் வந்தே ஆகவேண்டும் என்றால், கூட்டல் கழித்தல் குறியுள்ள பொத்தானில் கூட்டல் 1 வையுங்கள். கைத்தொலைபேசியில் முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டினால் போதும். குகைக்குள்ளே ஐஎஸ்ஓ 1600க்கு உயர்த்தி, ஷட்டர் வேகம் 1/60க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டால் படம் ஆடாது. கேமரா வாரைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். குரங்குகள் சும்மா இருக்காது.

கீழே நிற்கும் முருகன் சிலையின் உயரம் 42.7 மீட்டர். அதன் காலடியில் ஆளை நிறுத்தினால் எறும்பாகத் தெரிவார். ஆளை உங்கள் பக்கத்தில் நிறுத்தி, நீங்கள் தாழ உட்கார்ந்து, எஃப் 8 வைத்து எடுங்கள். சிலையும் 2018இல் வண்ணம் பூசிய படிகளும் அவருக்குப் பின்னால் வந்துவிடும்.

போன மாதம் அம்மாவை மறுபடியும் அழைத்துப் போய், அடிவாரத்தில் அப்படித்தான் எடுத்தேன். திரையை வெகுநேரம் பார்த்தார். "இப்பத்தான்யா நான் இருக்கேன்" என்றார். மேலே எடுத்திருக்க வேண்டிய அந்தப் படம் போனது போனதுதான்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களைப் படமெடுக்கும்போது, பொத்தானை அழுத்துமுன் முகத்தில் வெளிச்சம் விழுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.