ஆர்கன் மாடத்தில் ஒரு மாலை

கேம்பிரிட்ஜின் பழைய கல்லூரிகளில் மாலை ஆராதனையைக் கேட்க யார் வேண்டுமானாலும் போகலாம். ஆர்கன் மாடத்துக்கு ஏறத்தான் அனுமதி வேண்டும். ஒரு கல்லூரியில் அது கிடைத்தது. குறுகிய சுழற்படிக்கட்டில் ஏறிப் போனபோது, இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் மெல்லிய தோல் அடி வைத்த காலணிகளை மாட்டிக்கொண்டிருந்தார். பெடல் கட்டைகளை மிதிப்பதற்கென்றே வைத்திருப்பவை அவை. தெருவில் போட்டு நடப்பதில்லை.

அவருக்கு ‘ஆர்கன் ஸ்காலர்’ என்று பெயர். பட்டப் படிப்பும் உண்டு, பருவ நாட்களில் ஆராதனைக்கு வாசிக்கும் பொறுப்பும் உண்டு. பாடகர் குழுவுக்குத் தனி இயக்குநர் இல்லாத சில கல்லூரிகளில் குழுவை நடத்துவதும் இவர்கள்தான். 1441இல் நிறுவப்பட்ட கிங்ஸ் கல்லூரியில் 16 சிறுவர்களும் கல்லூரி மாணவர்களும் சேர்ந்து பாடுகிறார்கள். அந்தக் குழுவுக்குத் துணை வாசிப்பதும் இத்தகைய மாணவர்களே.

பியானோவில் கெட்டிக்காரர்கள்கூட இங்கே திணறுவது விவிலியச் சங்கீதம் (psalm) பாடும் நேரத்தில். அதைப் பாடும் ஆங்கிலிக்கன் மெட்டு பார்வைக்கு மிக எளிது. ஒற்றை மெட்டில் மொத்தம் பத்தே சுரக்கூட்டுகள். ஆனால் பாடப்படும் வசனங்கள் உரைநடை, ஒன்று நாலு சொல், அடுத்தது பதினாலு சொல். வசனத்தின் ஒவ்வொரு பாதியிலும் பெரும்பகுதியை ஒரே சுரக்கூட்டில் பேச்சின் வேகத்தில் சொல்லிவிட்டு, கடைசிச் சில அசைகளில்தான் மெட்டு நகரும். எந்த அசையில் நகரும் என்பதற்கு வசனத்திலேயே குறிகள் உண்டு. அதனால் வாசிப்பவர் மெட்டை மனப்பாடம் செய்துகொண்டு கண்ணை வசனத்தின்மேல் வைக்கிறார். பாடகர்களோடு சேர்ந்து அவரும் மூச்சு விட வேண்டும்.

பொருளுக்கேற்ப, குழாய் வரிசைகளைத் திறக்கும் ‘ஸ்டாப்’ குமிழ்களை இழுத்து ஒலியையும் மாற்ற வேண்டும். கடல் முழங்கும் வசனத்துக்குப் பதினாறடி ஸ்டாப், பறவை வரும் வசனத்துக்கு நாலடிப் புல்லாங்குழல் ஸ்டாப். அடிக்கணக்கு குழாயின் நீளம். எட்டடி பியானோவின் சுருதி, நாலடி ஒரு ஸ்தாயி மேலே, பதினாறடி ஒரு ஸ்தாயி கீழே. எதை எப்போது இழுப்பது என்று புத்தகத்தில் எழுதியிருக்காது. அது வாசிப்பவரின் ரசனை.

இங்கிலாந்துத் திருச்சபையின் 1662ஆம் ஆண்டு ஜெப புத்தகம் 150 சங்கீதங்களையும் மாதத்தின் முப்பது நாட்களுக்குக் காலை, மாலை என 60 பங்காகப் பிரித்திருக்கிறது. அதில் 15ஆம் தேதி மாலைப் பங்கு 78ஆம் சங்கீதம், எழுபதுக்கும் மேற்பட்ட வசனங்கள். அந்த அட்டவணையை அப்படியே பின்பற்றும் இடங்களில் அந்தத் தேதியை ஆர்கன் வாசிப்பவர்கள் மறப்பதில்லை.

மாடத்திலிருந்து குழு நேராகத் தெரியவில்லை. இயக்குநரின் கை ஒரு சிறிய திரையில் அசைகிறது. கீழிருந்து வரும் பாட்டு சற்றுப் பிந்தியே காதில் விழுகிறது. காதை நம்பிப் பின்தொடர்ந்தால் ஒவ்வொரு வரியிலும் இழுபடும். கையைப் பார்த்துத் துணிந்து முன்னால் போக வேண்டும். மாணவர் அப்படித்தான் வாசித்தார். ஆராதனை முடிந்ததும் இயக்குநர் மேலே வந்தார். பாராட்டும் இல்லை, அதட்டலும் இல்லை. “ஒன்பதாம் வசனத்தில் சத்தம் அதிகம், சிறுவர்களின் சொல் மூழ்கிவிட்டது” என்றார். அன்றைய பாடம் அவ்வளவுதான்.

1864இல் தோன்றிய ராயல் காலேஜ் ஆஃப் ஆர்கனிஸ்ட்ஸ் நடத்தும் தேர்வுகளும் தனிக் கச்சேரித் திறமையோடு நிற்பதில்லை. பார்த்ததும் சுருதி மாற்றி வாசிப்பது, பல குரல் பிரதியைக் கையில் சுருக்குவது போன்றவற்றையும் கேட்கின்றன. எல்லாம் ஆராதனையில் அன்றாடம் தேவைப்படுபவை.

ஆர்கனிஸ்ட் ஆவதற்கான ஏணியின் முதல் படி பெரும்பாலும் பேராலயச் சிறுவர் குழு. எட்டு வயதில் பாட வந்தவன்தான் ஆர்கனைப் பக்கத்தில் பார்க்கிறான். அந்தப் படி பெண் குழந்தைகளுக்கு வெகுகாலம் இல்லை. 1991இல் சாலிஸ்பரி பேராலயம் சிறுமியர் குழுவைத் தொடங்கிய பிறகு மற்றப் பேராலயங்களும் தொடர்ந்தன. மாடத்தில் பெண்களின் எண்ணிக்கை இன்று கூடியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

எல்லாரும் இசைத் தொழிலுக்குப் போவதில்லை. 1930களில் ஆக்ஸ்போர்டு பேலியல் கல்லூரியில் ஆர்கன் ஸ்காலராக இருந்த எட்வர்ட் ஹீத் 1970இல் பிரிட்டன் பிரதமரானார்.

இத்தொழிலைக் காப்பாற்ற உதவித்தொகையும் நல்ல கருவியும் வேண்டும்தான். அவற்றைவிட முக்கியம், பத்துப் பேரே வந்தாலும் நிறுத்தாமல் நடக்கும் மாலை ஆராதனை. நேற்றுப் பிசகியதை இன்று திருத்திக்கொள்ள வாய்ப்பிருப்பதால்தான் இருபது வயதில் இவர்கள் தேர்ந்துவிடுகிறார்கள். ஆராதனையைக் குறைத்துவிட்டு ஆர்கனிஸ்ட் கிடைக்கவில்லையே என்று வருந்துவதில் அர்த்தமில்லை.