கியர் ராடை மாற்றும் முன்

ஐப்பசி மாத அடைமழை. அம்மாப்பேட்டைக்குத் தெற்கே ஒரு சிற்றூர். சம்பா நடவு முடிந்திருந்த வயல்களில் வரப்பே தெரியாத அளவுக்குத் தண்ணீர் நின்றது. இரவு பதினோரு மணி இருக்கும். ஒன்பது மா நிலம் வைத்திருந்த ஒரு விவசாயியின் வீட்டுக் கதவைப் பக்கத்து வீட்டுக்காரர் தட்டினார். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த அவருடைய மகளுக்கு வலி எடுத்துவிட்டது.

1990-களின் நடுப்பகுதி அது. 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டுக்கு வந்தது 2008-ல்தான். அதற்கு முன்பு, ஊரில் ஒருவரிடம் கார் இருந்தால் அதுதான் ஊருக்கே ஆம்புலன்ஸ். அந்த விவசாயியிடம் இருந்தது, இரண்டாம் கையாக வாங்கிய டீசல் அம்பாசடர். விதைநெல் மூட்டையும் உர மூட்டையும் அதில்தான் வரும். முகூர்த்த நாட்களில் வாடகைக்கும் போகும்.

பின் சீட்டில் அந்தப் பெண்ணையும் அவள் தாயையும் ஏற்றிக்கொண்டு, தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனையை நோக்கிக் கிளம்பினார்கள். முன்னால் விவசாயி, அவருடைய மகன், பக்கத்து வீட்டுக்காரர். ஊர் எல்லையில் இருக்கும் வாய்க்கால் பாலத்தின் ஏற்றத்தில் வண்டி முதல் கியரில் ஏறியது. இரண்டாவது கியருக்கு மாற்ற ராடைத் தள்ளினார். அது நகரவில்லை. நியூட்ரலுக்கும் வரவில்லை. வண்டி பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது.

பழைய அம்பாசடர் ஓட்டியவர்களுக்கு இந்தச் சிக்கல் நன்றாகத் தெரியும். ‘கியர் லாக் ஆயிடுச்சு’ என்பார்கள். மகன் குடையும் டார்ச்சும் பிடிக்க, பானட்டைத் திறந்து, ஸ்டியரிங் தண்டுக்கு அடியில் இருக்கும் இணைப்புக் கம்பிகளைக் கையால் தட்டித் தட்டி விடுவித்தார். பத்து நிமிடம் ஆனது. உள்ளே இருந்து அந்தப் பெண்ணின் முனகல் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு இரண்டாவது கியரில் போட்டவர், மறுபடி லாக் ஆகிவிடுமோ என்ற பயத்தில் கியர் ராடைத் தொடவே இல்லை. தஞ்சாவூர் வரை ஒரே கியர். என்ஜின் அலறிக்கொண்டே போனது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. விடியற்காலையில் ஆண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம்.

ஊர் திரும்பியதும் மகன் கேட்டான்:

“அப்பா, இந்த ஹேண்ட் கியரைத் தூக்கிப் போட்டுட்டு ஃப்ளோர் கியர் வச்சிடலாம். தஞ்சாவூர்ல எல்லாரும் மாத்துறாங்க.”

“பாப்போம் தம்பி. முதல்ல மேஸ்திரியக் கேட்போம்” என்றார் அப்பா.

அம்பாசடரின் கதையோடு சேர்ந்தே வருவது அதன் கியர் ராடு. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டு, இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1957 முதல் அதைத் தயாரித்தது. அதன் கியர் ராடு ஸ்டியரிங்குக்கு அடியிலேயே, ஓட்டுநரின் இடது கைப்பக்கம் இருந்தது. 1930-களின் கடைசியில் அமெரிக்கக் கார்களில் பரவிய முறை அது. தரையில் ராடு இல்லாததால் முன் சீட்டைப் பெஞ்சு போல நீளமாக வைக்கலாம்; ஓட்டுநரோடு சேர்த்து மூன்று பேர் உட்காரலாம். 1990-களின் தொடக்கத்தில் ஐசுசு என்ஜினுடனும் ஐந்து கியருடனும் புதிய அம்பாசடர் வந்தபோது, ராடு தரைக்கு இறங்கியது. அதைப் பார்த்துத்தான் பழைய வண்டிக்காரர்கள் பலருக்கும் ஆசை வந்தது.

தஞ்சாவூரில் பழைய வண்டிகளை வேலை பார்க்கும் மேஸ்திரி, வண்டிக்கு அடியில் படுத்து அரை மணி நேரம் பார்த்தார். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“அண்ணே, ராடு மேல தப்பில்ல. ராடுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவுல இருக்குறதுதான் தேஞ்சு போச்சு.”

அவர் விளக்கியது இதுதான். ஹேண்ட் கியரில், கையில் பிடிக்கும் ராடுக்கும் கியர் பாக்ஸுக்கும் இடையே கம்பி, மூட்டு, புஷ் என்று பல இணைப்புகள் உண்டு. முதல் கியருக்கும் இரண்டாவதுக்கும் ஒரு பாதை. மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் இன்னொரு பாதை. புஷ் தேய்ந்துவிட்டால், ஒரு பாதையிலிருந்து முழுவதும் வெளியே வருவதற்குள் அடுத்த பாதையில் கம்பி மாட்டிக்கொள்ளும். ஒரே நேரத்தில் இரண்டு கியர் விழுந்தால் பெட்டி உடைந்துவிடும் என்பதால், உள்ளே இருக்கும் பூட்டு அதைத் தடுக்கும். அப்போது ராடு அங்கேயும் போகாது, இங்கேயும் வராது.

இரண்டாவது காரணம், என்ஜின் மவுண்டிங். ஸ்டியரிங் தண்டு வண்டியின் உடம்போடு இணைந்தது. கியர் பாக்ஸோ என்ஜினோடு இணைந்தது. என்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் அமுங்கிப் போனால், என்ஜின் ஒரு விரல் அளவு இறங்கிவிடும். நடுவில் இருக்கும் கம்பிகளின் அளவு தப்பிவிடும். மூன்றாவது, கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. கிளட்ச் சரியாக விடாவிட்டால் எந்த ராடு வைத்தாலும் கியர் கடினமாகத்தான் விழும்.

மகனுக்கு மனம் ஆறவில்லை. “ஃப்ளோர் கியர் போட்டா இந்தக் கம்பி எல்லாம் இருக்காதுல்ல?” என்றான்.

“இருக்காது தம்பி. ராடு நேரா பெட்டி மேலயே உக்காரும். அது நல்லதுதான். ஆனா கிளட்ச் கிளட்ச்சாத்தான் இருக்கும். உள்ள இருக்குற பல்சக்கரமும் மாறாது. அப்புறம், முன் சீட்டு நடுவுல ஒரு ஆளு உக்கார முடியாது.”

அந்தக் கடைசி வார்த்தைதான் அப்பாவைத் தடுத்தது. முன் சீட்டின் நடு இடம் அந்த வீட்டில் அப்பாயிக்கு உரியது. பின்னால் உட்கார்ந்தால் அவருக்கு வாந்தி வரும். கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ போனால், மகனுக்கும் மருமகளுக்கும் நடுவில் உட்கார்ந்து, போகும் வழியெல்லாம் யார் வயலில் எவ்வளவு பயிர் பிடித்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வருவார். வாடகைக்குப் போகும்போதும் அந்த ஓர் ஆள் இடம் கூடுதல் வசதி.

புஷ்களையும் மவுண்டிங் ரப்பரையும் மாற்றி, கிளட்ச்சைச் சரிசெய்தார்கள். மொத்தச் செலவு இரண்டு மூட்டை நெல் விலைக்குள் முடிந்தது. ஃப்ளோர் கியர் வைத்திருந்தால் அந்தப் போகத்து உரச் செலவு முழுவதையும் அது விழுங்கியிருக்கும். அதற்குப் பிறகு பல வருடங்கள் வண்டி லாக் ஆகவில்லை.

குட்டை ராடும் மண்வெட்டிக் காம்பும்

கியர் ராடைக் குட்டையாக்கினால் சுலபமாக விழும் என்று பலர் நினைக்கிறார்கள். மண்வெட்டிக் காம்பையோ கடப்பாரையையோ பிடித்தவர்களுக்கு இது விளங்கும். நீளமான கடப்பாரையால் கல்லை நெம்பினால் கை அதிக தூரம் போகும். ஆனால் பலம் குறைவாகப் போதும். குட்டைக் கடப்பாரை என்றால் தூரம் குறையும். பலம் அதிகம் வேண்டும். கியர் ராடும் நெம்புகோல்தான். குட்டையாக்கினால் கை நகரும் தூரம் குறையும். அதற்குப் பதிலாகக் கை அழுத்தம் கூடும். கியரை முரட்டுத்தனமாகத் தள்ளினால் உள்ளே இருக்கும் ஃபோர்க்குக்கும் தேய்மானம் கூடும்.

கியர் சத்தமில்லாமல் விழுவதற்குக் காரணம் ராடு அல்ல. பெட்டிக்குள் இருக்கும் சிங்க்ரோமெஷ் அமைப்பு. சேரப்போகும் இரண்டு பாகங்களின் வேகத்தையும் சமப்படுத்திவிட்டுப் பிறகு சேர்க்கும் வேலையை அது செய்கிறது. 1928-ல் அமெரிக்காவின் காடிலாக் நிறுவனம் இதைக் கார்களில் கொண்டுவந்தது. அந்த அமைப்பு இல்லாத பெட்டிக்கு எவ்வளவு அழகான ராடு வைத்தாலும், வண்டி ஓடும்போது கியர் சுலபமாக விழாது.

டிராக்டருக்கும் இதே கணக்கு

அன்று குடை பிடித்த மகனுக்கு இப்போது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. சொந்த நிலத்தோடு, ஒரு பழைய டிராக்டரை வைத்து ஊரில் வாடகை உழவும் ஓட்டுகிறார். அதன் கியர் ராடு இரண்டு கால்களுக்கு நடுவில் இருக்கும் வகை. குறுவைக்கு சேற்றுழவு ஓட்டும்போது, கேஜ் வீல் மாட்டிய வண்டி வரப்பேறும் நேரத்தில் கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வந்தது. ஒருமுறை வண்டி பின்னால் உருண்டு வாய்க்கால் ஓரம் வரை போய்விட்டது.

“பக்கத்துல வர்ற சைடு கியரா மாத்திடுங்க அண்ணே” என்று பலரும் சொன்னார்கள். அவர் முதலில் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொன்னார். கியரை அதன் இடத்தில் பிடித்து வைக்கும் சிறு குண்டுக்கு மேல் இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. ஃபோர்க்கின் நுனியும் தேய்ந்திருந்தது. ராடின் அடியில் இருக்கும் ரப்பர் உறை கிழிந்து, சேற்றுத் தண்ணீர் உள்ளே இறங்கி, கியர் ஆயில் மோர் போல வெளுத்திருந்தது. சைடு கியர் போட்டிருந்தால் அதே தேய்ந்த ஃபோர்க்கும் அதே ஸ்பிரிங்கும்தான் உள்ளே இருந்திருக்கும். வண்டியும் அதேபோல உருண்டிருக்கும்.

கியர் ராடை மாற்ற நினைக்கும் விவசாயிகள் முதலில் கவனிக்க வேண்டியவை:

• சேற்றுழவு முடிந்ததும் ராடின் ரப்பர் உறையைப் பாருங்கள். கிழிந்திருந்தால் உடனே மாற்றுங்கள். அது மலிவான பொருள். கியர் பாக்ஸ் அப்படி அல்ல.

• கியர் ஆயிலைச் சோதியுங்கள். வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. வடித்துவிட்டு, வண்டியின் கையேடு சொல்லும் தரத்தில் புதிய ஆயில் ஊற்றுங்கள்.

• கியர் கடினமாக விழுந்தால் முதலில் கிளட்ச் பெடலின் விளையாட்டு இடைவெளியைச் சரிபாருங்கள்.

• கியர் நழுவினால் ஸ்பிரிங், ஃபோர்க் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். சரிசெய்யும் வரை மேட்டிலும் டிரெய்லரோடும் ஓட்டாதீர்கள்.

• நியூட்ரலில் இருந்தால்தான் ஸ்டார்ட் ஆகும் என்ற பாதுகாப்பு சுவிட்ச் உங்கள் வண்டியில் இருந்தால், அதைக் கழற்றி நேராக இணைக்காதீர்கள். கியரில் இருக்கும்போது கீழே நின்று ஸ்டார்ட் செய்தால் வண்டி ஆள் மேல் ஏறிவிடும்.

• சைடு கியராக மாற்றுவதானால் மேல்மூடி, ராடு, ஃபோர்க் எல்லாம் உங்கள் மாடலுக்கு உரியவையா என்று பாருங்கள்.

• காரானாலும் டிராக்டரானாலும் என்ஜினையே மாற்றினால், 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி வேண்டும், ஆர்.சி. புத்தகத்திலும் பதிய வேண்டும்.

அந்த அம்பாசடருக்கும் கடைசியில் ஃப்ளோர் கியர் வந்தது. அப்போது அப்பாயி இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அப்பாவுக்கு இடது தோள்பட்டை இறுகிப்போய்க் கையை மார்புக்கு மேல் தூக்க முடியவில்லை. ஸ்டியரிங் உயரத்தில் இருக்கும் ராடைப் பிடித்தாலே வலி. ஆனால் சர்க்கரை நோய்க்காக அம்மாவை மாதம் ஒருமுறை தஞ்சாவூருக்குக் கூட்டிப்போவது அவர்தான். மகன் உழவில் இருப்பான். அவனை எதிர்பார்க்க அவருக்கு மனம் இல்லை.

ஒருநாள் அவரே மேஸ்திரியிடம் போனார். “இப்ப மாத்திடுங்க மேஸ்திரி. இப்பதான் தேவை வந்திருக்கு.”

தரைத் தகட்டில் துளை போட்டு, பெட்டியின் மேலேயே ராடு வைத்தார்கள். கையைத் தொங்கவிட்ட நிலையிலேயே கியர் மாற்ற முடிந்தது. முதல் நாள் ஓட்டிக்கொண்டு வந்தபோது, அம்மா முன் சீட்டில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். நடுவில் அப்பாயி உட்கார்ந்த இடத்தில் புது ராடு நின்றது.

உத்தர்பாராவில் அம்பாசடர் தயாரிப்பு 2014 மே மாதத்தோடு நின்றுபோனது. அந்த வீட்டுக் கொட்டகையில் வண்டி இன்னும் நிற்கிறது. அன்று ராத்திரி பிறந்த பிள்ளை இப்போது வளர்ந்து ஊருக்கு வந்துபோகிறான். வரும்போதெல்லாம் கொட்டகைப் பக்கம் போய்க் காரைத் தட்டிப் பார்ப்பான்.

“இரண்டாவது கியர்லயே வந்தவன்டா நீ” என்று சிரிப்பார் பெரியவர்.