பெற்ற தாய் எங்கே?

கலைப்பீட மாணவனாக இருந்த காலத்தில், உளவியல் நூலொன்றில் வந்த படத்தை அம்மாவுக்குக் காட்டினேன். குரங்குக் குட்டியொன்று துணி சுற்றிய பொம்மையைக் கட்டிப்பிடித்திருந்தது. பக்கத்தில் கம்பியாலான இன்னொரு பொம்மை; பாற்போத்தல் அதில்தான் இருந்தது. அணைப்பு பசியினும் பெரிதென்று நிரூபித்துவிட்டார்கள் எனப் பெருமையோடு விளக்கினேன். அம்மா படத்தைச் சற்றுநேரம் பார்த்தார்.

"தம்பி, உதின்ரை பெத்த தாய் எங்கை?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. அப்படியொரு கேள்வி இருப்பதே எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

பதிலைப் பின்னரே அறிந்தேன். அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் ஹரி ஹார்லோ 1950களில் நடத்திய ஆய்வு அது. றீசஸ் குரங்குக் குட்டிகள் பிறந்த சில மணி நேரத்திலேயே தாயிடமிருந்து பிரிக்கப்பட்டன. பின்னைய ஆய்வுகளில் சில குட்டிகள் மாதக்கணக்கில் முழுத்தனிமையில் அடைக்கப்பட்டன. அவை தம்மைத் தாமே கட்டிக்கொண்டு ஆடின. தம் உடலையே கடித்தன. தாயின்றி வளர்ந்த பெண்குரங்குகள் சில, பிற்காலத்தில் தம் குட்டிகளையே கொன்றன.

பயன் விளையவில்லை என்று சொல்லமாட்டேன். குழந்தைக்கு ஊட்டினால் மட்டும் போதாது, தொடுகையும் வேண்டும் என்பதை அந்த ஆய்வு உலகுக்கு வலுவாக உணர்த்தியது. ஆனால் அந்த முடிவே ஹார்லோவுக்கு எதிரான சாட்சியுமாகும். குரங்கு எம்மைப்போலத் தவிக்காது என்றால் ஆய்வு எம்மைப்பற்றி எதுவும் சொல்லாது. தவிக்கும் என்றால் அதை எந்த நியாயத்தில் செய்தோம்? ஆய்வுகூடக் குரங்குகளின் உளநலத்துக்கேற்ற சூழல் வேண்டுமென அமெரிக்கச் சட்டம் திருத்தப்பட்டது 1985இல்தான்.

வேறு வழியும் இருந்தது. ஜப்பானின் இனுயாமாவில், கியோத்தோ பல்கலைக்கழக ஆய்வு நிலையத்தில், சிம்பன்சிகள் விரும்பினால் ஆய்வறைக்கு வரலாம், விரும்பாவிட்டால் விடலாம். 'அய்' என்ற சிம்பன்சி, 2000இல் பிறந்த தன் மகன் அயுமுவைத் தானே வளர்த்தது, ஆய்வறைக்கும் கூட்டிவந்தது. திரையில் கணநேரம் தோன்றி மறையும் எண்களின் இடங்களை நினைவில் வைப்பதில் பல்கலைக்கழக மாணவர்களையே அயுமு முந்தியதாக 2007இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். தாயைப் பிரிக்காமலே பெற்ற அறிவு அது.

மனம் ஆறியது, ஆனால் முழுதாக அல்ல. அய்யும் குட்டியாக இருந்தபோது மேற்கு ஆபிரிக்கக் காட்டிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்டதுதான். அம்மா இன்று இல்லை. இருந்திருந்தால், இந்தப் படத்தைப் பார்த்தும் அதையேதான் கேட்டிருப்பார்.