விட முடியாத ஆள்

ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுப்பதில் எங்கள் வங்கி குறை வைத்ததில்லை. பயிற்சிக் கல்லூரி இருந்தது, ஹாஸ்டல் இருந்தது, படியும் உண்டு. யாரை அனுப்புவது என்பது மட்டும் கிளை மேனேஜர் கையில். அந்த இடத்தில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன்.

1991. ரங்கராஜன் கமிட்டி அறிக்கைக்குப் பிறகு, ஏ.எல்.பி.எம். என்ற லெட்ஜர் போஸ்டிங் மிஷின் கிளை கிளையாக வந்துகொண்டிருந்த சமயம். எங்கள் கிளையிலிருந்தும் ஒரு கிளார்க்கைப் பத்து நாள் பயிற்சிக்கு அனுப்பச் சொல்லி மண்டல அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது.

சேவிங்ஸ் லெட்ஜர் பார்த்தவர் சி.ஏ.ஐ.ஐ.பி. முதல் பாகம் முடித்தவர். பேலன்ஸிங் அன்று டாலி ஆகாமல் வீட்டுக்குப் போகமாட்டார். போகவேண்டியவர் அவர்தான் என்று கிளையில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது அரையாண்டு வட்டி போடும் நேரம். ஒவ்வொரு கணக்கிலும், 10-ம் தேதி முதல் மாதக் கடைசி வரை இருந்த குறைந்தபட்ச இருப்பைப் பார்த்து, பிராடக்ட் எடுத்து, கையால் வட்டி போடவேண்டும். அவர் இல்லாவிட்டால் வேலை நகராது. அதனால், பத்து நாள் இல்லாவிட்டாலும் பாதகமில்லை என்றிருந்த இன்னொருவர் பெயரை எழுதி அனுப்பினேன்.

போனவர் சான்றிதழோடு வந்தார். மிஷின் அவர் கைக்குப் போனது. ஸ்பெஷல் அலவன்ஸும் கூடவே போனது. பிறகு வந்த கம்ப்யூட்டர் பயிற்சிகளுக்கும், ஏற்கெனவே பழகியவர் என்று அவரையே கூப்பிட்டார்கள்.

ஒரு நாள் சாயங்காலம் லெட்ஜர்காரர் என் கேபினுக்கு வந்தார். "வேலையை ஒழுங்கா செஞ்சதுக்குத் தண்டனையா சார் இது?" என்றார்.

"அடுத்த தடவை பார்க்கலாம்ப்பா" என்றேன். அடுத்த தடவை வருவதற்குள் எனக்கு மாற்றல் வந்துவிட்டது.

மண்டல அலுவலகத்துக்கு அனுப்பிய ரிட்டர்னில் 'பயிற்சி பெற்றவர்: 1' என்று சரியாகத்தான் எழுதியிருந்தேன். ஏன் அவர், ஏன் இவர் இல்லை என்று எழுத அதில் கட்டம் கிடையாது.

போன நவம்பரில் லைஃப் சர்டிபிகேட் கொடுக்கப் போனபோது அவரைப் பார்த்தேன். கிளார்க்காகவே ரிடையர் ஆனாராம். நான் கண்ணாடியை மறந்துவிட்டுப் போயிருந்தேன்; என் ஃபாரத்தை அவரே நிரப்பிக் கொடுத்தார். அதே லெட்ஜர் கையெழுத்து. பழையதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"விடுங்க சார். அந்த வருஷம் வட்டி ஒரு பைசா தப்பில்லாம போட்டோமே" என்று சிரித்தார்.

உங்கள் பிள்ளைகள் யாராவது இன்று மேனேஜராக இருந்தால், விட முடியாத ஆளைத்தான் முதலில் அனுப்பவேண்டும் என்று சொல்லிவையுங்கள்.