மானுக்கு ஆகாத குண்டு

அமெரிக்காவில் மான் வேட்டைக்காரர்கள் பலர், சுட்டுத் தீர்ந்த பித்தளைத் தோட்டாக்கூட்டை எறிவதில்லை, தெரியுமோ? வீட்டிலேயே புது மருந்தும் குண்டும் அடைத்துக்கொள்கிறார்கள். அங்குள்ள என் நண்பரும் அந்த ரகம்தான். அவருடையது .35 ரெமிங்டன் ரைஃபிள். 1906-ல் வந்த தோட்டா. அதன் குண்டு 0.358 அங்குல விட்டம். உறையிட்ட .357 மாக்னம் கைத்துப்பாக்கிக் குண்டோ 0.357. மயிரிழை வித்தியாசம்! விலை மலிவு. எடையும் சுமார் 13 கிராமுக்குப் பதில் 10. தோளில் உதை குறைவு. மருந்தளவை மட்டும் கையேட்டைப் பார்த்தே அளப்பார்.

இப்படி அடைத்து, காகித இலக்கைச் சுட்டுத் தள்ளுகிறார் மனிதர். கஞ்சத்தனம் என்று சிரித்துவிடாதீர்கள். பழகாத கை சுட்டால், மான் காயத்தோடு ஓடிப் புதரில் கிடந்து துடிக்கும்.

ஆனால் மானுக்கு இந்தக் குண்டு ஆகாது. கைத்துப்பாக்கி வேகத்துக்குச் செய்த மெல்லிய உறை, ரைஃபிள் வேகத்தில் மேல்தசையிலேயே சிதறிவிடக்கூடும். அதனால் வேட்டைக்குக் கிளம்பும்போது மலிவுப் பெட்டி அலமாரியிலேயே இருக்கும். பையில் போவது கனத்த குண்டுதான்.