புதுப்பேட்டைக்குப் போன கதவு

கீறல் எவ்வளவு நீளம் என்றுதானே கேட்கிறீர்கள்? சரியாக ஒரு சாண். எங்கள் காரின் இடது பக்கப் பின்கதவில், கைப்பிடிக்குக் கீழே. காரின் நிறம் கருநீலம். கீறலின் நிறம் வெள்ளி. உள்ளே இருக்கும் தகடே வெளியே எட்டிப் பார்ப்பதுபோல் அது பளபளத்தது. வாங்கி இரண்டு வருஷம்கூட நிறையாத வண்டி. ஒரு திங்கட்கிழமை காலையில் இதைக் கண்டதும் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்பதைச் சொந்தக் கார் வைத்திருப்பவர்கள் ஊகித்துக்கொள்ளலாம். மற்றவர்கள், புதுப் பட்டுப் புடவையில் சாம்பார் கொட்டிய நாளை நினைத்துக்கொண்டால் போதும்.

சனிக்கிழமையன்று டிரைவர் எங்களைத் திருவல்லிக்கேணிக்கு ஒரு கல்யாணத்துக்கு அழைத்துப் போயிருந்தார். திருவல்லிக்கேணிச் சந்துகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் ஆட்டோ, மறு பக்கம் பசுமாடு, நடுவில் தண்ணீர்க் குடம். அங்கேதான் உரசியிருக்க வேண்டும் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். "நான் உரசவில்லை, ஐயா" என்றார் டிரைவர். ஒரு தடவைதான் சொன்னார்.

பெரிய ஒர்க்ஷாப் ஒன்றில் காட்டினோம். "பெயிண்ட் போய் இரும்பு தெரிகிறது. கதவு முழுவதும் அடிக்க வேண்டியதுதான். ஏழாயிரம் ஆகும்" என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பணத்தை மூன்று மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வதாக டிரைவரிடம் சொன்னேன். அவருடைய மூத்த பெண் அந்த வருஷம் காலேஜில் சேர வேண்டியவள். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "புதுப்பேட்டையில் ஒரு பாய் இருக்கிறார். நாற்பது வருஷமாகப் பெயிண்ட் வேலை. அவரிடம் ஒரு தடவை காட்டிவிடலாம், ஐயா. அப்புறம் நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள்" என்றார்.

இப்படித்தான் நான் புதுப்பேட்டைக்குப் போக நேர்ந்தது. நீங்களும் ஏறிக்கொள்ளுங்கள், வண்டியில் இடம் இருக்கிறது.

வழியில் ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு வருகிறது. ராயப்பேட்டைக்கும் மவுண்ட் ரோடுக்கும் நடுவே இருக்கும் இந்தச் சாலை, கார்களுக்கு நகைக்கடைத் தெரு மாதிரி. ஸீட் உறை, சக்கர மூடி, டயர், வர்ண விளக்கு, கண்ணாடிக்கு முன்னால் தலையாட்டும் நாய்க்குட்டி என்று எதைக் கேட்டாலும் கிடைக்கும். கீறலுக்கு மருந்து உண்டா என்று ஒரு கடையில் விசாரித்தேன். உண்டாவது! கடைப் பையன் ஐந்து தினுசுப் புட்டிகளை வரிசையாக எடுத்து வைத்தான். "ஒரே துடைப்பு, சார்! இருந்த இடம் தெரியாது" என்றான். இரண்டு புட்டிகளை வாங்கிக்கொண்டேன்.

மவுண்ட் ரோடைத் தாண்டி (அண்ணா சாலை என்று பெயர் மாறி எத்தனையோ வருஷம் ஆகிறது; என் வாயில் வர மாட்டேன் என்கிறது), கூவத்தைப் பாலத்தின் மேல் கடந்தால் புதுப்பேட்டை. அந்தக் காலத்து ஹாரிஸ் ரோடுதான் இப்போது ஆதித்தனார் சாலை. பக்கத்திலேயே கோமளீசுவரன்பேட்டை, பச்சையப்ப முதலியார் வாழ்ந்த இடம். அவர் காலத்தில் கூவத்தில் ஸ்நானம் செய்துவிட்டுக் கோயிலுக்குப் போவார்களாம். நாங்கள் காரின் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பாலத்தைத் தாண்டினோம்.

ஆஸ்பத்திரியும் மயானமும் ஒரே தெருவில் இருந்தால் எப்படி இருக்கும்? அதுதான் புதுப்பேட்டை. வயதான கார்கள் இங்கே வந்து அக்கு வேறு ஆணி வேறாகப் பிரிகின்றன. அந்த ஆணிகளைக் கொண்டே வேறு சில கார்கள் பிழைத்து எழுகின்றன. கதவுகள் அலமாரியில் புத்தகங்கள்போல் வரிசையாக நிற்கின்றன. பானெட்டுகளை அப்பளம்போல் அடுக்கியிருக்கிறார்கள். ஸ்டீயரிங் சக்கரங்கள் மாலையாகத் தொங்குகின்றன. நடைபாதையில் எண்ணெய் சொட்டச் சொட்ட கியர் பெட்டிகள். எங்கே திரும்பினாலும் சுத்தியல் சத்தம்.

இங்கே வண்டியை நிறுத்திவிட்டுக் காபி சாப்பிடப் போனால், திரும்பி வருவதற்குள் உங்கள் வண்டியின் பாகங்களையே உங்களுக்கு விலை பேசுவார்கள் என்று சென்னையில் ஒரு ஹாஸ்யம் உண்டு. என் வண்டியை அங்கே ஒருவரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அது எனக்குச் சற்று அவமானமாகக்கூட இருந்தது.

பாயின் பட்டறை ஒரு சந்துக்குள், தகரக் கூரையின் கீழ் இருந்தது. அவருடைய விரல் நகங்களில் வானவில்லின் பாதி நிறங்களைப் பார்க்கலாம். நான் ஏழாயிரத்திலிருந்து கதையை ஆரம்பித்தேன். அவர் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. பையனை ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் கதவின் மேல் ஊற்றினார்.

"இப்பப் பாருங்க, சார். தண்ணி பட்டதும் எந்தக் கோடு மறையுதோ, அது மேல் தோலோட நின்ன கீறல். மறையாத கோடு ஆழம்."

மேல் தோல் என்றால் என்ன? பாய் சொன்னதையும் நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். இந்தக் காலத்துக் காரில் தகட்டின் மேல் துருவைத் தடுக்கும் பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடிபோல் நிறமே இல்லாத ஒரு பூச்சு. அதைக் கிளியர் என்கிறார்கள். இத்தனையும் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான். ஏறக்குறைய ஒரு நோட்டுப் புத்தகத் தாளின் கனம். அதில் கிளியரின் பங்கு சுமார் 40 மைக்ரான். கீறலைத் தேய்த்துப் போக்குவது என்றால், உண்மையில் கீறல் போவதில்லை. கீறலின் ஆழத்துக்குச் சுற்றியுள்ள கிளியரைத்தான் தேய்த்துத் தணிக்கிறோம். பென்சிலைச் சீவுவது மாதிரிதான். எத்தனை தடவை சீவலாம் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது அல்லவா?

பழைய அம்பாஸடர்களின் கதை வேறு. 2014-இல் உத்தர்பாராவில் அந்தக் காரின் உற்பத்தி நின்றுபோயிற்று. ஆனால் பாயின் பேச்சில் அது இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கிளியர் போடாத பழைய வண்டியைத் தேய்த்தால் துணியில் வண்டியின் நிறமே ஒட்டும்; கிளியர் உள்ள வண்டியில் அப்படி ஒட்டாது. வண்டி எந்த ஜாதி என்று அறிய அது ஒன்றே போதும். அந்த நாளில் 'டூக்கோ' அடிப்பது என்பார்களே, ஞாபகம் இருக்கிறதா? 1923-இல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி ஓக்லண்டு என்ற காருக்கு அடித்த லாக்கரின் பெயர் அது. அதற்கு முன்பு வார்னிஷ் காய வாரக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு, மணிக்கணக்கில் காய்ந்த டூக்கோ பெரிய அதிசயம். "ஆனா மழை நாள்ல லாக்கர் அடிச்சா பால் பூத்த மாதிரி வெளுத்துடும். எத்தினி நாள் வானத்தைப் பார்த்துக்கினு குந்தியிருக்கேன்!" என்றார் பாய்.

நான் வாங்கி வந்த புட்டிகளை நீட்டினேன். இரண்டிலும் ஒவ்வொரு துளி எடுத்து விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தார். ஒன்று வழுவழு என்றிருந்தது. மற்றது நறநற என்றது. வழுவழு என்பது மெழுகு. பள்ளத்தை நிரப்பிக் கண்ணை ஏமாற்றும். நாலு தடவை கழுவினால் கீறல் திரும்பி வந்துவிடும். நறநற என்பது காம்பவுண்டு. அதே சரக்கு டப்பாவில் மலிவாகக் கிடைக்கிறது. புட்டிக்குத்தான் நான் பணம் கொடுத்திருக்கிறேன்!

பற்பசை? அதுவும் ஒரு பலவீனமான காம்பவுண்டுதான் என்று சொல்லவேண்டும். மங்கலைப் போக்கும், கீறலைத் தொடாது. தேங்காய் எண்ணெய் மெழுகுக்குத் தம்பி. நகப்பூச்சைப் பற்றிக் கேட்டேன். பாய் சிரித்தார், பதில் சொல்லவில்லை.

அவர் மரியாதையுடன் பேசியது தண்ணீர்க் காகிதத்தைப் பற்றித்தான். இரண்டாயிரம் நம்பர் காகிதத்தைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, கீறலைச் சுற்றி மெல்லத் தேய்த்து, அந்த இடம் மங்கியதும் காம்பவுண்டு போட்டு மெருகேற்ற வேண்டும். நன்றாகச் செய்தால் கீறல் இருந்த இடமே தெரியாது. தவறிச் செய்தால் கிளியர் தீர்ந்து நிறம் வந்துவிடும். அதுவும் கதவின் ஓரத்திலும் மடிப்பிலும் பூச்சு மெல்லியது. அங்கே காகிதமும் ஆகாது, மெஷினும் ஆகாது. மெஷினை ஒரே இடத்தில் நிறுத்தினால் சூட்டிலேயே பெயிண்ட் வெந்துவிடும். கிளியர் போன இடத்தை நம் ஊர் வெயில் சும்மா விடாது. அந்த வேலையை வீட்டில் செய்து பார்க்கலாம் என்று உங்களுக்கு ஆசை இருந்தால், தயவுசெய்து உங்கள் காரில் ஆரம்பிக்க வேண்டாம். புதுப்பேட்டையில் ஒரு பழைய கதவை வாங்கி அதில் பழகுங்கள்.

நகத்தை வைத்து இழுத்தால் நன்றாகச் சிக்குகிற கீறலுக்குத் தேய்ப்பதில் பயன் இல்லை. சிறு தூரிகையால் அதே நிறத்தைப் பள்ளத்தில் மட்டும் வைத்து, காயவிட்டு, மறுபடி வைக்கலாம். வண்டியில் உள்ள தகட்டில் நிறத்தின் நம்பர் இருக்கும். சாதாரண வெள்ளை என்றால் ஏறக்குறைய மறைந்துவிடும். மின்னும் நிறமானால் அதில் அலுமினியத் துகள்கள் உண்டு. துப்பாக்கியால் அடிக்கும்போது அவை ஒரு விதமாகப் படியும், தூரிகையால் வைத்தால் வேறு விதமாகப் படியும். ஆகவே மச்சம்போல் தெரியத்தான் செய்யும். ஆனால் துரு ஏறாது.

அதற்கும் மிஞ்சினால்தான் முழுக் கதவு. "ஃபாக்டரியில வெறும் கூட்டை 140 டிகிரி சூட்டுல வேக வெப்பாங்க, சார். அதுல ரப்பர், ஒயர் ஒண்ணும் இருக்காது. ஓடற வண்டிக்கு நான் அந்தச் சூடு குடுக்க முடியுமா? எவ்ளோ நல்லா அடிச்சாலும் அது ரெண்டாம் தாரம்தான்" என்றார். தம்முடைய தொழிலைப் பற்றியே இப்படிச் சொல்பவரை நான் அதிகம் பார்த்ததில்லை. இன்ஷ்யூரன்ஸில் கேட்டால் என்ன என்றேன். வருஷா வருஷம் க்ளெய்ம் இல்லாமல் இருந்தால் சொந்த வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் 20 முதல் 50 சதவீதம் வரை தள்ளுபடி ஏறுகிறது. ஒரு கீறலுக்காகக் கேட்டால் அது போய்விடும்.

"சரி, என் கதவுக்கு எது?" என்று கேட்டேன்.

பாய் அந்த வெள்ளிக் கோட்டை மறுபடி குனிந்து பார்த்தார். "இது என்னிக்குப் பட்டுது, சார்?"

"சனிக்கிழமை."

"நேத்து அப்படி மழை கொட்டிச்சே. இரும்பா இருந்தா இந்நேரம் துரு காட்டியிருக்கும்." துணியின் நுனியை மண்ணெண்ணெயில் நனைத்தார். தின்னர் வேண்டாமா என்று பையன் கேட்டதற்கு, அது நல்ல பெயிண்டையும் கெடுத்துவிடும் என்று அதட்டினார். மெல்லத் துடைத்தார். பிறகு துளிக் காம்பவுண்டு. துணியைத் திருப்பிக் காட்டினார். துணியில் வெள்ளி நிறம் ஒட்டியிருந்தது. கதவில் வெள்ளி இல்லை!

"உங்க பெயிண்ட் போவல, சார். அடுத்தவங்க பெயிண்ட் உங்க மேல ஒட்டிக்கினு இருந்திருக்கு. அலுமினியப் பெயிண்ட். வீட்டு கேட்டுக்கு அடிப்பாங்களே, அது."

எங்கள் வீட்டு கேட்டுக்குப் பொங்கலுக்கு முன்னால்தான் அலுமினியப் பெயிண்ட் அடித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை டிரைவர் வருவதில்லை. அன்று மாலை மழையில் காரை வெளியே எடுத்தது நான். திரும்பி உள்ளே விடும்போது காற்றில் கேட்டின் ஒரு கதவு ஆடிக்கொண்டிருந்தது. கிறீச்சென்று ஒரு சத்தம் கேட்டது. கேட்டின் கீலுக்கு எண்ணெய் வற்றிவிட்டது என்று நினைத்தேன். நினைத்தது மட்டுமா? திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாகக் கீலுக்கு எண்ணெய் விட்டேன். எண்ணெய்க் கிண்ணத்தோடு திரும்பியபோதுதான் கீறலைக் கண்டேன்.

டிரைவர் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்க்கவில்லை.

"இன்னொண்ணும் சொல்லிடறேன்" என்று பாய் காரை வெயிலுக்குத் தள்ளச் சொன்னார். பானெட்டின் மேல், சூரியனைச் சுற்றிச் சிலந்தி வலைபோல் ஆயிரம் வட்டக் கோடுகள்! "தினம் யாரோ காஞ்ச துணியில துடைக்கிறாங்க. ரோட்டுப் புழுதி பூரா மணல்தானே? தண்ணி ஊத்திக் கழுவாம துடைச்சா, உப்புக் காகிதம் போட்டாப்பலதான்." தினமும் விடியற்காலையில் மஞ்சள் துணியால் ஆசை ஆசையாகத் துடைப்பவன் யார் என்று நான் சொல்லவில்லை. நீங்களும் கேட்க வேண்டாம்.

வெள்ளி போன இடத்தில் மெல்லிய கோடு ஒன்று மிச்சம் இருந்தது. நகம் லேசாகச் சிக்கியது. தண்ணீர்க் காகிதம் போட்டால் போகுமா என்றேன். போகும், ஆனால் பின்னால் ஒரு நாள் நிஜமாகவே தேவைப்படும்போது கிளியர் இருக்காது, விட்டுவிடுங்கள் என்றார். விட்டுவிட்டேன். கூலி முந்நூறு ரூபாய்.

திரும்பும்போது பாலத்தின் மேல் சிவப்பு விளக்குக்கு நின்றோம். "ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்தது நான்தான், அப்பா" என்றேன். ஒர்க்ஷாப்காரர் கொடுத்த சீட்டை மடியிலிருந்து எடுத்துக் கிழித்தேன். அதற்கு மேல் என்ன பேசுவது என்று தெரியவில்லை. "பெண்ணுக்கு அட்மிஷன் என்றைக்கு?" என்று கேட்டேன்.

"வியாழக்கிழமை, ஐயா" என்றார். "ஒரு வேளை லீவு வேண்டும்."

"ஒரு வேளை என்ன, முழு நாளும் எடுத்துக்கொள்ளுங்கள். காரிலேயே அழைத்துப் போங்கள்."

விளக்கு பச்சையாயிற்று. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி இறங்கினார். கேட்டை விரியத் திறந்து, தோட்டத்து ஓரத்தில் கிடந்த செங்கல் ஒன்றை எடுத்து அதற்கு அண்டை கொடுத்துவிட்டு வந்து காரை உள்ளே விட்டார். செங்கல் இன்னும் அங்கேதான் இருக்கிறது.