கூவத்தின் மேல் ஒரு சாலை

நான் சென்னையைவிட்டுக் கிளம்பியதும் துறைமுகம் - மதுரவாயல் பறக்கும் சாலைக்கு அடிக்கல் நாட்டியதும் ஒரே ஆண்டில்தான். 2009 ஜனவரியில் பிரதமர் மன்மோகன் சிங் வந்து கல் நட்டார். சில மாதங்கள் கழித்து நான் டொரன்டோவுக்கு விமானம் ஏறினேன். அங்கே எனக்கு வேலை மாறியது, வீடு மாறியது, பிள்ளைகள் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டார்கள். சாலை மட்டும் வந்தபாடில்லை. அண்ணன் மகள் கல்யாணத்துக்காக இந்த முறை அமைந்தகரைக்கு வந்து இறங்கினால், கூவத்துக்குள் இயந்திரங்கள் இறங்கித் தூண் போடும் வேலை நடந்துகொண்டிருக்கிறது.

எங்கள் வீடு பூந்தமல்லி நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில். பத்து நிமிடம் நடந்தால் ஆறு. ஆறு என்று வீட்டில் யாரும் சொன்னதில்லை, கூவம்தான். காற்று திசை மாறினால் ஜன்னலைச் சாத்துவோம், அத்தோடு அதற்கும் எங்களுக்கும் உறவு முடிந்தது. இப்போது சந்தில் ஓட்டு வீடே இல்லை. எங்கள் காலத்து மளிகைக் கடை இருந்த இடத்தில் பல் மருத்துவமனை. நெடுஞ்சாலையின் அடியில் மெட்ரோ ஓடுகிறது. செனாய் நகர் திரு.வி.க. பூங்காவைத் தோண்டி நிலையம் கட்டினார்கள், மரங்கள் போனதற்காக அக்கம்பக்கத்தார் சண்டை போட்டார்கள், பிறகு பூங்காவும் திரும்பி வந்தது. ஆற்றங்கரைக்கு அப்படிச் சண்டை போட ஆள் இருந்ததா என்பதுதான் ஊரில் இருந்த நாள் முழுக்க என்னை அரித்தது.

தகராறே இல்லை என்று சொல்ல முடியாது. 2012இல் ஜெயலலிதா அரசு வேலையை நிறுத்தியது. ஆற்றுக்குள் தூண் நட்டால் வெள்ளம் போக வழியிருக்காது என்பது சொல்லப்பட்ட காரணம். அது வெறும் சாக்கு என்று ஒதுக்கவும் முடியாது. பக்கிங்காம் கால்வாய்க்குள் பறக்கும் ரயிலுக்குத் தூண்களை நட்டுவிட்டு அந்தக் கால்வாய் என்ன ஆனது என்பதை மயிலாப்பூர்க்காரர்களிடம் கேட்டால் சொல்வார்கள். ஆனால் திமுக கொண்டுவந்த திட்டம், அதிமுக நிறுத்திய திட்டம் என்ற கணக்கும் அதில் இருந்தது ஊருக்கே தெரியும். வழக்கு உயர் நீதிமன்றம் போய், 2014இல் தடை ரத்தானது. அதற்குப் பிறகும் வேலை நடக்கவில்லை. தலையில் துருப்பிடித்த கம்பிகளோடு அரைகுறைத் தூண்கள் ஆண்டுக்கணக்கில் ஆற்றுக்குள் நின்றன. 2022 மே மாதம் பிரதமர் மோடி வந்து மறுபடி அடிக்கல் நாட்டினார். இப்போது ஈரடுக்கு: மேலே துறைமுக லாரிகள், கீழே நகரத்து வண்டிகள். முதலில் 1,600 கோடி ரூபாய்க்கு மேல் என்று சொன்ன வேலை, 5,800 கோடியைத் தாண்டிவிட்டது. சென்னையில் இரண்டு பிரதமர்கள் கல் நட்ட சாலை வேறு எது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அண்ணன் துறைமுகத்துக் கிளியரிங் ஏஜென்சி ஒன்றில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். சாலையைப் பற்றி வாயெடுத்தாலே அவருக்குக் கோபம் வந்துவிடும். "நீ அங்க உக்காந்துகிட்டு ஆத்தப் பத்திப் பேசுவே. கன்டெய்னர் ரெண்டு நாள் ரோட்டுல நின்னா டெமரேஜ் உங்கப்பனா கட்டுவான்?" என்றார். எனக்கும் அவருக்கும் ஒரே அப்பா என்பது அந்த நேரத்தில் அவருக்கு நினைவில்லை. அவர் சொல்வதில் நியாயம் உண்டு. ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டைப் பக்கமிருந்து கார்களும் கன்டெய்னர்களும் கப்பலேற வேண்டுமானால் நகரத்தைக் கடந்தாக வேண்டும். பகலில் நகருக்குள் கனரக வண்டிக்குத் தடை. திருவொற்றியூர்ப் பக்கம் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்க, ஓட்டுநர்கள் கேபினிலேயே படுத்து, அங்கேயே சமைத்துச் சாப்பிட்டதை நானே பார்த்திருக்கிறேன். துறைமுகம் பேசுகிறது, லாரி உரிமையாளர்கள் பேசுகிறார்கள், ஆற்றுக்காகச் சூழலியலாளர்கள் பேசுகிறார்கள்.

பேசாத ஒருவரைக் கல்யாணத்துக்குப் பூ சொல்லப் போன இடத்தில் பார்த்தேன். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து எங்கள் தெருவுக்குப் பூ கொண்டுவந்தவர், அப்போது வீடு கூவத்தின் கரையில். என்னை அடையாளம் கண்டுகொண்டு, "கண்ணு, வெளுத்துட்டியே" என்றார்.

"எங்கக்கா இருக்கீங்க இப்ப?"

"பெரும்பாக்கம். லிஃப்ட் வச்ச வீடு." சிரித்தார். "லிஃப்ட்டு ஓடுற அன்னிக்கு."

விடியற்காலை கோயம்பேட்டில் பூ எடுக்க வேண்டும். முன்பு மகன் சைக்கிளில் கொண்டுபோய் விடுவான், கால் மணி நேரம். இப்போது 25 கிலோமீட்டருக்கு மேல். பெண்களுக்குக் கட்டணமில்லாத பஸ் இருப்பதால்தான் தொழிலே ஓடுகிறது என்றார். எல்லா பஸ்ஸும் அப்படியில்லை என்பதால் சாதாரணப் பேருந்து வரும்வரை நிறுத்தத்தில் உட்கார வேண்டும். கூட இருந்த பெண்களில் வீட்டு வேலை பார்த்தவர்கள் பலர் வேலையை விட்டுவிட்டார்களாம். பேரன் பள்ளி மாறியது பரீட்சைக்கு முந்தைய மாதம். அதன் பிறகு அவன் சரியாகப் போகவில்லை.

வீட்டை எடுக்கும் முன் உங்களை யாராவது கேட்டார்களா என்றேன். "எங்களையும் கேட்டாங்க கண்ணு, ரேஷன் கார்டு இருக்கான்னு."

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். கரையோரத்து வீடுகள் காலியானதற்குச் சாலை மட்டும் காரணமில்லை. கூவம் சீரமைப்பு என்று ஒரு திட்டம், 2015 டிசம்பர் வெள்ளம் என்று ஒரு காரணம், எல்லாம் சேர்ந்தே அவர்களைக் கிளப்பின. வெள்ள ஆபத்து என்று தூக்கிக்கொண்டு போய்க் குடியமர்த்திய பெரும்பாக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டியது. மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் நிற்கும் செய்தி வராத வருடமில்லை.

டொரன்டோவிலும் இப்படி ஒரு சாலை உண்டு. ஸ்பாடினா விரைவுச்சாலை நகரத்தின் நடுவே இறங்கி வருவதாக இருந்தது. 1971 ஜூனில் மாகாண முதல்வர் பில் டேவிஸ் அதைக் கைவிட்டார். கட்டி முடித்த பகுதி இன்று ஆலன் சாலை என்ற பெயரில் எக்ளின்டனோடு நின்றுவிடுகிறது. வேலைக்குப் போகும் நேரத்தில் அந்த முனையில் மாட்டிக்கொண்டு நானும் டேவிஸைத் திட்டியிருக்கிறேன். ஆனால் அதை நிறுத்தியவர்கள் யார்? எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ், பேராசிரியர்கள், அந்தத் தெருக்களில் சொந்த வீடு வைத்திருந்தவர்கள். பத்திரம் கையில் இருந்தது, பத்திரிகைக்கு எழுதத் தெரிந்தது. அமைந்தகரைப் பூக்காரருக்கு இரண்டும் இல்லை. அரசு ஏட்டில் அவர் ஆக்கிரமிப்பாளர்.

2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம், பாதிக்கப்படுபவர்களைக் கேட்டறியும் சமூகத் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. ஆனால் தேசிய நெடுஞ்சாலைகளுக்கு 1956ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருப்பதால் அந்தக் கட்டாயம் அவற்றுக்கு இல்லை. இருந்திருந்தாலும் பட்டா இல்லாதவர்களை எத்தனை பேர் தேடிப்போய்க் கேட்டிருப்பார்கள் என்பது வேறு கேள்வி.

சாலை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் அண்ணன் வீட்டில் சோறு கிடைக்காது. தவிர, லாரிகளுக்கு வழி வேண்டும்தான். என் கோரிக்கை சின்னது. கரையில் இன்னும் மிச்சமிருக்கும் குடும்பங்களை நகருக்குள்ளேயே, அவர்கள் பிழைப்பு நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் குடிவையுங்கள். புளியந்தோப்பு கே.பி. பூங்காவில் அடுக்குமாடி கட்ட இடம் கிடைத்தது. அதன் சுவர்ப்பூச்சு உதிர்ந்து சிரிப்பாய்ச் சிரித்தது என்றாலும், இடமில்லை என்ற பேச்சு பொய் என்று அது காட்டிவிட்டது. வீட்டுச் சாவியைக் கையில் கொடுத்த பிறகு பழைய வீட்டை இடியுங்கள், அதையும் பள்ளி ஆண்டு முடிந்தபின் செய்யுங்கள். 5,800 கோடி ரூபாய் வேலையில் இதற்குப் பணம் ஒதுக்க முடியாது என்று ஓர் அதிகாரி சொன்னால், அவர் திட்டத்தைச் சரியாகப் போடவில்லை என்றுதான் அர்த்தம்.